விதைநெல்லைக் குத்தலாமா?

எங்கள் துறைக்கு முன்னாள் மாணவர் ஒருவர் செய்து தந்த சொல்லடைவு மென்பொருளில் 'பழம்' முன்னும் 'பவளம்' பின்னுமாக நிற்கின்றன. தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே ழகரம். யூனிகோடு எண்வரிசையிலோ ழகரம் முந்தும். எளிய பிழைதான். திருத்தலாம் என்று திறந்தால், இடைவெளியே இல்லாமல் ஒரே வரியாக நீண்டு கிடக்கிறது நிரல். மூலநிரல் பழைய கணினியோடு போய்விட்டதாம்.

இணைய நுட்பங்களைக் கொண்டு மேசைக்கணினி மென்பொருள் செய்வோர் பலரும் எலெக்ட்ரானை நாடுகின்றனர். கிட்ஹப் நிறுவனம் 2013இல் 'ஆட்டம் ஷெல்' என்று தொடங்கி, 2015இல் இப்பெயருக்கு மாற்றிய சட்டகம் அது. குரோமியம் உலாவியையே முழுமையாக உள்ளே வைத்துப் பொதிவதால், சிறு அகராதிகூட 100 மெகாபைட்டைத் தாண்டிவிடும். அந்தப் பருமனைக் குறைக்க நிரலைக் குறுக்குகிறார்கள். இடைவெளிகளும் விளக்கக் குறிப்புகளும் நீங்கும்; 'அகரவரிசை' என்று பெயரிட்ட செயற்கூறு ஓரெழுத்தாகச் சுருங்கும். கணினிக்கு இதனால் குறையொன்றுமில்லை.

ஆனால் ஆதாயம் எவ்வளவு? நம் நிரலில் சில நூறு கிலோபைட் குறையலாம். உலாவியின் பாரம் அப்படியே இருக்கும். பருமனே கவலையென்றால், இயங்குதளத்தில் ஏற்கெனவே உள்ள உலாவிக் கூற்றைப் பயன்படுத்தும் டௌரி போன்ற சட்டகங்களை நாடலாம். தமிழுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட். ஈஎஸ்பில்டு என்னும் குறுக்கி, நாம் தடுக்காவிட்டால், அதை ஆறு பைட் குறியீடாக மாற்றிவிடும். குறுக்கப் போய்த் தமிழ் இரட்டிப்பாகிறது!

தமிழ் படித்தவர்க்கு இந்நிலை புதிதன்று. ஏட்டுச்சுவடியிலும் புள்ளியில்லை, சொற்பிரிப்பில்லை, எகர ஏகார வேறுபாடில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் பணியேற்ற உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்வரை பட்ட பாட்டை நாம் அறிவோம். அவருக்கேனும் நச்சினார்க்கினியர் உரை துணைநின்றது. இங்கோ உரையை முதலில் நீக்கிவிட்டுத்தான் நூலையே பொதிகிறோம். வரிகளைப் பிரித்துக் காட்டக் கருவிகள் உண்டு. அழிந்த பெயர்களையும் குறிப்புகளையும் எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

குறுக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பயனருக்குக் குறுக்கிய பொதி போகட்டும்; குறிப்புகளோடு கூடிய மூலநிரல் ஒன்றுக்கு இரண்டு இடங்களில் இருக்கட்டும். மென்பொருள் செய்விக்கும் கல்லூரிகளும் தமிழ் அமைப்புகளும் மூலநிரலைப் பெற்றுக்கொள்ளாமல் பணியை முடிந்ததாக ஏற்கலாகாது. நாங்கள் அன்று கேட்டுப் பெறாததன் விளைவு, இன்று முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் தஞ்சைப் பக்கத்து உழவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உண்பதற்கு நெல்லைக் குத்தி அரிசியாக்குவார். விதைக்கென்று வைத்த கோட்டையில் கைவைக்க மாட்டார். உமி போன அரிசி பசியாற்றும், முளைக்காது.