வீட்டுக்கு அனுப்பியதோடு கடமை தீர்ந்ததா?

பக்கவாதம் கண்ட முதியவர் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உயிர் பிழைத்து விடுகிறார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சுக் குழறுகிறது, மூக்கில் உணவுக் குழாய், கீழே சிறுநீர்க் குழாய். பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்ததும், “இனி இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்” என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டில் மருந்தின் பெயர் இருக்கிறது. உண்ண வேண்டிய வேளை இருக்கிறது. மறுபடி வரவேண்டிய தேதியும் இருக்கிறது. பார்த்துக் கொள்ள வேண்டியவர் யார் என்பது மட்டும் இல்லை.

அதை எழுதத் தேவையில்லை என்று எல்லோரும் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். வீட்டில் மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், இல்லாவிட்டால் மருமகள் இருக்கிறாள். வீட்டில் பார்த்துக் கொள்ளுங்கள் என்றால், வீட்டிலுள்ள ஒரு பெண் தன் வேலையையும் தூக்கத்தையும் விட்டுப் பார்த்துக் கொள்ளட்டும் என்பதுதான் பொருள். இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதுகிறோம்.

அந்த வேலைதான் என்ன? படுத்தவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துவிடும். வந்த புண் எலும்பு வரை போவதும் உண்டு. விழுங்கும் தசை தளர்ந்தவருக்குக் கஞ்சி புகட்டுகையில் தலை சற்றுத் தாழ்ந்திருந்தால் போதும். கஞ்சி மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரலில் சளிக் காய்ச்சலாக முடியும். பார்க்கின்சன் நோய் கண்டவருக்கு மாத்திரை வேளை தவறினால், நடந்து கொண்டிருப்பவர் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகிறார். மறதி நோய் கண்டவரோ பகலெல்லாம் அமைதியாயிருந்து, பொழுது சாயும் நேரத்தில் “என் வீட்டுக்குப் போக வேண்டும்” என்று சொந்த வீட்டிலிருந்தே புறப்பட்டு விடுகிறார். தடுத்தால் கோபம், தடுக்காவிட்டால் தெருவில் தேட வேண்டும். இத்தனையும் செவிலியர் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கும் வேலை. ஒரு நாள் பயிற்சிகூட இல்லாத பெண்ணின் தலையில் இதைக் கட்டிவிட்டு, “பாசம் இருந்தால் எல்லாம் வரும்” என்கிறோம். பாசம் இருக்கலாம், அறுபது கிலோ உடலை இடுப்பொடியாமல் தூக்கும் முறை பாசத்தால் வந்துவிடாது.

எங்கோ நூற்றில் ஒரு வீட்டில் நடக்கும் சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியுமா? இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது கூடுதல் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஆயுளெல்லாம் பிறரைப் பார்த்துக் கொண்டவளே கடைசியில் பார்த்துக் கொள்ள ஆளின்றித் தவிக்கிறாள் என்பதை இதைவிடத் தெளிவாக எண்கள் சொல்ல முடியாது. பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் கண்டவர்கள் இந்தக் கணக்கில் சேராதவர்கள்.

சரி, அரசுகள் என்ன செய்திருக்கின்றன? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதச் சிறை அல்லது அபராதம் என்றது. நல்லதுதான். ஆனால் கைவிடாத பிள்ளைக்கு அந்தச் சட்டம் தரும் உதவி என்ன? தாயைத் தனியே விட்டுப் போக முடியாமல் கூலி வேலையை விட்டவனுக்கு, பள்ளிப் படிப்பை நிறுத்திய பேத்திக்கு, அது ஒரு ஆறுதல் சொல்லும் வைத்திருக்கவில்லை. தண்டிக்க வழி வகுத்தவர்கள் தாங்கிக் கொள்ள வழி வகுக்கவில்லை.

2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீட்டை ஒன்றிய அரசு தொடங்கியது. அதையும் வரவேற்கிறோம். ஆனால் அந்தக் காப்பீடு மருத்துவமனைப் படுக்கையோடு கட்டப்பட்டது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரை சிறு செலவு ஏற்கும். பதினாறாம் நாள் விலகிக் கொள்ளும். பக்கவாதமோ பதினாறாம் நாள் விலகுவதில்லை. மருத்துவமனையில் பத்து நாள். வீட்டில் பத்து ஆண்டு. பத்து நாளுக்குக் காப்பீடு உண்டு, பத்து ஆண்டுக்கு இல்லை என்பது எந்த நியாயம்?

தமிழ்நாட்டில் ஒரு மாற்று முயற்சி நடந்தது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனையைத் தேடி அலைவதற்குப் பதில் மருத்துவம் அவர் வாசலுக்குப் போக வேண்டும் என்பது அதன் கருத்து. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. படுத்த படுக்கையானவருக்கு ஆதரவுச் சிகிச்சையும், இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தர ஏற்பாடாயிற்று. இரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைப்பது பக்கவாதத்தை வாசலிலேயே தடுப்பதாகும். ஆகவே இந்த வழி சரியான வழி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் பாராட்டோடு நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றியத்துக்கு ஓர் ஆதரவுச் சிகிச்சைச் செவிலி, ஓர் இயன்முறைச் சிகிச்சையாளர் என்பது திட்டத்தின் அமைப்பு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் கிராமப்புற மக்கள் 3 கோடியே 72 லட்சம். ஊராட்சி ஒன்றியங்கள் 388. ஒரு ஒன்றியத்துக்குச் சுமார் 96,000 பேர். தமிழ்நாட்டில் முதியோர் நூற்றுக்கு 13.6 என்று 2021க்கு மதிப்பிடப்பட்டது. அப்படியானால் ஒன்றியத்துக்கு 13,000 முதியவர். அகில இந்திய விகிதத்தைப் பொருத்திப் பார்த்தால், அவர்களில் மறதி நோய் கண்டவர் மட்டும் ஏறத்தாழ 960. செவிலி நாளொன்றுக்கு 8 வீடு, மாதத்துக்கு 25 நாள் ஓய்வின்றிப் போவதாகவே கொள்வோம்; மாதம் 200 வீடு. மறதி நோயாளர் வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வரவே ஐந்து மாதம் ஆகும்! பக்கவாதக்காரரும் புற்றுநோயாளரும் அதற்குப் பின்தான். பக்கவாதம் கண்டவருக்கோ முதல் சில மாதங்களில் வாரத்துக்குப் பலமுறை பயிற்சி கொடுத்தால்தான் கை கால் திரும்பும். காலம் கடந்தபின் போகும் உதவி வருகைப் பதிவேட்டுக்குத்தான் பயன்படும், காலுக்குப் பயன்படாது.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. 1993இல் கோழிக்கோட்டில் புற்றுநோயாளரின் வலி தணிக்கத் தொடங்கிய ஒரு சிறு முயற்சி, ஊர்தோறும் தொண்டர்களைச் சேர்த்து, படுத்த படுக்கையான முதியவர் வீடுகளுக்கும் விரிந்தது. 2008இல் கேரள அரசு அதையே தன் கொள்கையாக ஏற்றது. அங்கே வீடு தேடிச் செல்லும் செவிலி, ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்லும் மன்றம், படுத்துக் கிடக்கும் கிழவிக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றாயிற்று.

கடல் கடந்து சப்பானைப் பார்ப்போம். போக இடமில்லாத முதியவர்களை மருத்துவமனையிலேயே மாதக்கணக்கில் கிடத்தி வைத்திருந்த நாடு அது. 2000 ஏப்ரலில் நெடுநாள் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயதானவர் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். பாதி நிதி சந்தா, பாதி நிதி வரிப்பணம். 65 வயதைக் கடந்தவருக்கு எந்தக் காரணத்தால் பராமரிப்புத் தேவைப்பட்டாலும் உதவி உண்டு. பக்கவாதம், பார்க்கின்சன், இளவயது மறதி நோய் போன்றவை கண்டவர் 40 வயதிலேயே பெறலாம். தேவையை ஏழு படிகளாக அளந்து, உதவியாளர், செவிலி, பகல்நேர இல்லம், வாடகைக் கட்டில் என்று திட்டம் வகுக்கிறார்கள். குளிக்கவைக்கத் தொட்டியே வண்டியில் வீட்டுக்கு வருகிறது! செலவில் பத்தில் ஒரு பங்கும், வசதியுள்ளவர் அதைவிடக் கூடுதலும் கட்டுகிறார்கள்.

அந்தச் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, பராமரிக்கும் குடும்பத்துக்குப் பணமாகவே கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. சப்பானியப் பெண்கள் இயக்கத்தார் பலர் அதை எதிர்த்தார்கள். ‘காசைக் கொடுத்து மருமகளை அடுப்படியிலேயே கட்டிப்போடும் வேலை அது, எங்களுக்கு ஆள் உதவி வேண்டும்’ என்பது அவர்கள் வாதம். அங்கும் ஆள் பற்றாக்குறை உண்டு. சந்தா ஏறிக்கொண்டே போகிறது என்ற முறையீடும் உண்டு. ஆனாலும், முதியவரைக் காப்பது மருமகளின் விதி அல்ல, சமூகத்தின் கடமை என்பதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

“சப்பான் பணக்கார நாடு, நம்மால் ஆகுமா?” என்று கேட்பார்கள். இன்றும் இந்தச் செலவு நடந்து கொண்டுதான் இருக்கிறது. வேலையை விட்ட மகளின் கூலியாக, அடகு போன நகையாக, கவனிப்பாரின்றி மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வரும் படுக்கைப் புண்ணாக நடந்து கொண்டிருக்கிறது. கணக்கில் எழுதாததால் அது செலவு அல்ல என்றாகிவிடாது. “கூட்டுக் குடும்பம் நம் பண்பாடு, அது பார்த்துக் கொள்ளும்” என்பாரும் உண்டு. பிள்ளை திருப்பூரில், மகள் துபாயில், ஊரில் கிழவனும் கிழவியும் மட்டும் என்ற நிலையைக் கண்ட பிறகும் அப்படிப் பேசுவோருக்கு நாம் என்ன சொல்வது?

ஆகவே நாம் கேட்பவை இவை. நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன், பார்த்துக் கொள்ளப் போகிறவருக்குப் புரட்டவும், புகட்டவும், தூக்கவும் மருத்துவமனையிலேயே கற்றுக் கொடுக்க வேண்டும். அந்த வட்டாரச் செவிலியின் பெயரையும் சீட்டில் எழுதித் தர வேண்டும். ஒன்றியத்துக்கு ஒருவர் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் என்றாக்க வேண்டும். பார்த்துக் கொள்பவருக்கு இளைப்பாற, பகல்நேர இல்லமும் மாதத்தில் சில நாள் மாற்றுப் படுக்கையும் வேண்டும். கூலிக்குப் பராமரிக்க வரும் பெண்களுக்குப் பயிற்சியும், பதிவும், நியாயமான ஊதியமும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லி ஏற்றது. அந்தப் பட்டியலில் பெயரில்லாத மறதி நோய்க்கும் இடம் வேண்டும். காப்பீடு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டும்.

உழைத்து ஓய்ந்த கைகள் நடுங்குகின்றன. அவற்றைப் பற்றிக் கொள்ள இன்னொரு கை உண்டு; அதுவும் ஓய்ந்து கொண்டிருக்கிறது. அந்தக் கையும் ஓய்ந்து விழும் வரை காத்திருக்கப் போகிறோமா என்பதை ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும், நாளை முதுமை அடையப் போகும் நாம் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.