பைக்கில் உலகம் சுற்ற ஒரு கப்பல் வேண்டும்

மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்தவர் என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால், எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது "கப்பல் கூலி எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். மரியாதை கருதிக் கேட்பதில்லை. பூமியில் எழுபது விழுக்காடு தண்ணீர். மிச்சமிருக்கும் தரையிலும் காடு, பனி, போர், முறைத்துக்கொண்டிருக்கும் அரசாங்கங்கள். யூடியூபில் நமக்குக் காட்டுவது மலை வளைவும் மாலை வெயிலும். ஆனால் பழைய பயணிகள் எழுதிய புத்தகங்களைப் புரட்டினால் பாதிப் பக்கங்களில் வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது. துறைமுகக் கிடங்கில், சுங்க அலுவலக வாசலில், மெக்கானிக் கடையில், ஆஸ்பத்திரி மரத்தடியில். அந்தப் பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

முதல் ஆளிலிருந்தே அப்படித்தான். கார்ல் ஸ்டெர்ன்ஸ் கிளான்சி என்ற அமெரிக்க இளைஞர் 1912 அக்டோபரில் டப்ளினில் கிளம்பினார். வண்டி, நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன். கியர் மாற்ற முடியாது, முன் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. உடன் வந்த நண்பர் வால்டர் ஸ்டோரி பாரிஸோடு போதும் என்று விலகிக்கொண்டார். கிளான்சி தனியாக ஸ்பெயின், அல்ஜீரியா, துனிசியா என்று ஓட்டி, கப்பலேறி சிலோனில் இறங்கினார். தேயிலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம். மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றிய முதல் மனிதரின் பாதையில் தமிழ் பேசும் மண்ணும் இப்படி வந்து போகிறது. அங்கிருந்து இந்தியாவைத் தொடாமல் கிழக்கே போய், சீனாவும் ஜப்பானும் பார்த்து, 1913 ஆகஸ்டில் நியூயார்க் சேர்ந்தார். ஏறத்தாழ 18,000 மைல். கண்டம் மாறிய இடமெல்லாம் கப்பல்தான்.

இருபது வருடம் கழித்து ராபர்ட் எடிசன் ஃபுல்டன். லண்டனில் ஒரு விருந்தில், ஊருக்கு எப்போது திரும்புகிறாய் என்று யாரோ கேட்க, மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றப் போகிறேன் என்று சும்மா அடித்துவிட்டார். அதே மேஜையில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். வண்டி நான் தருகிறேன் என்றார். அப்புறம் எப்படி மறுப்பது? 1932-ல் கிளம்பி டோக்கியோ வரை ஓட்டினார். எஞ்சினுக்கு அடியில் தகடு போட்டு, நடுவில் ஒரு ரிவால்வரை ஒளித்து வைத்திருந்தாராம். பின்னாளில் சாலையில் ஓடும், வானத்திலும் பறக்கும் கார் ஒன்றைச் செய்தார். ரோட்டை நம்பிப் பயனில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

இந்த வரிசையில் பெரிய பெயர் டெட் சைமன். பத்திரிகைக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பைக் ஓட்டவே இந்தப் பயணத்துக்காகத்தான் கற்றுக்கொண்டார். லண்டனின் 'சண்டே டைம்ஸ்' ஆதரவோடு, 500 சிசி ட்ரையம்ஃப் டைகர் ஒன்றில் 1973 அக்டோபர் 6 அன்று புறப்பட்டார். அன்றுதான் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போரைத் தொடங்கின. அவர் போக வேண்டியதோ எகிப்து வழியாக. நல்ல நாள் பார்த்துக் கிளம்பியிருக்கிறார்! வண்டி செய்த மெரிடன் தொழிற்சாலையிலும் அந்தச் சமயம் தொழிலாளர்கள் கதவை மூடி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பக்கம் போர், ஒரு பக்கம் வேலைநிறுத்தம், நடுவில் புதிதாக பைக் பழகியவர்.

நான்கு வருடம், 45 நாடு, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். ஆப்பிரிக்காவை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, கப்பலில் பிரேசில் போய் இறங்கியவரை ஃபோர்ட்டலேசா நகரப் போலீஸ் சந்தேகத்தில் பிடித்து வைத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் ஒரு பண்ணையில் மனம் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நகரவில்லை. இந்தியாவில் ஒரு குறிசொல்லி அவரைப் பார்த்து, நீதான் வியாழன் என்று சொல்லிவிட்டார். அதையே புத்தகத்துக்குப் பெயராக வைத்தார். 'ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்' படித்துவிட்டு வேலையை விட்டவர்கள் உலகெங்கும் உண்டு. படித்தவர்களிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் சிறையைச் சொல்வார்கள், பண்ணையைச் சொல்வார்கள், வழியில் சோறு போட்டவர்களைச் சொல்வார்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டரில் போனார் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எழுபது வயதை நெருங்கும்போது 2001-ல் அதே பாதையில் மறுபடி கிளம்பினார். கென்யாவில் காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்ததும் பயணம் தொடர்ந்தது.

சைமன் காலத்தில் ஆசியாவைச் சுற்றுபவர்களுக்கு ஒரு பெரிய அடைப்பு இருந்தது: பர்மா. தரைவழியாக யாரையும் விடமாட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூர், மலேசியா என்று மேலேறி வரும் பைக்காரர்கள் என்ன செய்வார்கள்? பினாங்கில் கப்பலேறி மெட்ராஸில் இறங்குவார்கள். சைமனும் அப்படித்தான் வந்தார். வேலைக்கும் வியாபாரத்துக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தமிழர்கள் போய்வந்த அதே கடல் வழி. சிங்கப்பூர், கிள்ளான், பினாங்கு, நாகப்பட்டினம், மெட்ராஸ். பிந்தைய ஆண்டுகளில் 'சிதம்பரம்' என்ற கப்பல் இந்த வழியில் ஓடியது. ஊருக்குத் திரும்புகிறவர்களின் பெட்டி படுக்கையோடு, எண்ணெய் ஒழுகும் ஒரு மோட்டார் சைக்கிளும் கயிற்றில் தொங்கி இறங்கியிருக்கும்.

அப்படி இறங்கியவற்றில் எல்ஸ்பெத் பியர்டின் வண்டியும் ஒன்று. இவர் கதையை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லண்டனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதுப் பெண். 1982-ல் ஒரு பழைய பிஎம்டபிள்யூ ஆர்60-ஐ நியூயார்க்குக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினார். புறப்படும் முன் பைக் பத்திரிகைகளுக்கு எழுதிப் பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை. சிட்னியில் கைப்பணம் தீர்ந்ததும் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் மாதக்கணக்கில் வேலை பார்த்தார். வண்டிக்கு மாட்டும் அலுமினியப் பெட்டிகளை அங்கேயே தன் கையால் செய்துகொண்டார். குயின்ஸ்லாந்தில் விழுந்து, தலையில் அடிபட்டு, இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டிலிருந்து வண்டியின் காகிதம் வரை எல்லாம் திருட்டுப் போனது. அதையெல்லாம் மீண்டும் வாங்க ஆறு வாரம்.

தாய்லாந்தில் நடந்ததுதான் எனக்கு மறக்கவே முடியாதது. குறுக்கே பாய்ந்த நாயின் மேல் வண்டி மோதி அவரும் விழுந்தார். பக்கத்தில் இருந்த ஏழைக் குடும்பம் ஒன்று தூக்கிப் போய்ப் படுக்க வைத்து, நாள்கணக்கில் பார்த்துக்கொண்டது. பேச்சு வார்த்தை எதுவும் புரியாது. வேளா வேளைக்குச் சாப்பாடு மட்டும் வந்தது. அந்தக் குழம்பில் இருந்த கறி, தான் மோதிக் கொன்ற நாய்தான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அருவருப்பா, நன்றியா? இரண்டும் சேர்ந்துதான் இருந்திருக்கும். இல்லாத வீட்டில் கறி கிடைத்த நாளில் அதை விருந்தாளிக்கும் பகிர்ந்திருக்கிறார்கள். இதைச் சிரிப்புத் துணுக்காகப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

மெட்ராஸில் இறங்கி, கிழக்குக் கரையோரமாகக் கல்கத்தா, பிறகு காத்மாண்டு. 1984-ல் திரும்பும்போது பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டினருக்குத் தடை. பாகிஸ்தானுக்குத் தரைவழியோ அது ஒன்றுதான். டெல்லியில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் அனுமதி கிடைக்காமல், கடைசியில் போலி அனுமதித் தாளோடு எல்லையைக் கடந்தார். வழியில் மஞ்சள் காமாலை வேறு. 35,000 மைல் ஓட்டி வீடு சேர்ந்தபோது மாலையுமில்லை, பேட்டியுமில்லை. வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் படிப்பை முடிக்கப் போய்விட்டார். உலகைத் தனியாக பைக்கில் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண் என்று ஊருக்கு உறைக்கவும், 'லோன் ரைடர்' என்ற அவருடைய புத்தகம் 2017-ல் வரவும் முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இதையெல்லாம் எழுதும்போதே ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: "சார், உலகம் சுற்ற எந்த வண்டி நல்லது?" நடிகர் அஜித் குமார் பைக்கில் கிளம்பிய படங்கள் வந்ததிலிருந்து, அதிலும் 2023-ல் அவர் பைக் பயண நிறுவனம் ஒன்றையே அறிவித்ததிலிருந்து, பையன்கள் நடுவில் இந்த விவாதம் ஓயவே மாட்டேன் என்கிறது. என் பதில் இதுதான். ஆன்-ஃபிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் 1973-ல் தனியாக உலகம் சுற்றியது ஒரு 125 சிசி கவாசாகியில். நோராலி ஸ்கூன்மேக்கர் என்ற டச்சுப் பெண் 2018-ல் டெல்லியில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை வாங்கி, 'பசந்தி' என்று பெயர் வைத்து, நெதர்லாந்து வரை ஓட்டிப் போனார். 2004-ல் நடிகர் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் பெரிய பிஎம்டபிள்யூக்களில் லண்டனிலிருந்து நியூயார்க் போனபோது, மங்கோலியாவில் கேமராக்காரரின் வண்டி படுத்துவிட்டது. அங்கேயே ஒரு ரஷ்ய பைக்கை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். சே குவேராவின் நார்ட்டன் சிலியைத் தாண்டவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய டைரியில் பாதிக்கு மேல் லாரியும் படகும் நடையும்தான். ஆகவே, உங்கள் ஊர் மெக்கானிக்குக்குக் கழற்றத் தெரிந்த வண்டி எதுவோ அது நல்ல வண்டி. ஷோரூம்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வண்டியை விட முக்கியம் காகிதம். கார்னெட் என்று ஒன்று உண்டு, வண்டியின் பாஸ்போர்ட் மாதிரி. ஆட்டோமொபைல் சங்கங்கள் கொடுக்கும். வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட மாட்டேன், திரும்ப எடுத்துப் போவேன் என்பதற்கு உத்தரவாதம். இதற்குக் கட்டும் பிணைத்தொகை, போகிற நாட்டைப் பொறுத்து, வண்டி விலையையே தாண்டிவிடுவதும் உண்டு. வெளியேறும்போது முத்திரை விழாவிட்டால் பணம் சிக்கிக்கொள்ளும். வழியில் வண்டி எரிந்து சாம்பலானாலும், சாம்பலுக்குச் சுங்க அதிகாரி கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அதற்கும் மேல் விசா. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு பல எல்லைகளில் போய் நின்று சிரித்தாலே முத்திரை விழுந்த காலம் சைமனுடையது. நம் பையனுக்கோ கிளம்பும் முன்பே வங்கிக் கணக்கு, சம்பளச் சான்று, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் வேண்டும். பைக்கில் போகிறவனிடம் திரும்பி வரும் விமான டிக்கெட்! மேற்கே பாகிஸ்தான் வழி அடைப்பு. வடக்கே சீனா போனால் வழிகாட்டியையும் அவருடைய காரையும் சம்பளம் கொடுத்துக் கூடவே கூட்டிப் போக வேண்டும். அப்படியிருந்தும் விசாகப்பட்டினத்துக்காரரான பரத்வாஜ் தயாளா 2006-ல் ஒரு ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் தனியாகக் கிளம்பி உலகம் சுற்றி வந்தார் என்றால், அது சைமனுடைய சாதனைக்குக் குறைந்ததில்லை. கூடுதல் என்றே சொல்வேன்.

கிழக்கே மணிப்பூரின் மோரே. 2010-களில் பர்மா கொஞ்சம் கதவு திறந்தபோது, அனுமதி வாங்கி, கூட்டம் சேர்ந்து, இந்த வழியாகத்தான் தாய்லாந்துக்குப் போனார்கள். மலை ஏறி இறங்கி எல்லைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அங்கே இட்லி கிடைத்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தபின் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்களில் சிலர், தமிழ்நாட்டில் அகதி முகாம் பிடிக்காமல் மணிப்பூர் வழியாக நடந்தே திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. பைக்காரர்களின் வீடியோக்களில் அந்தக் கோபுரம் சில நொடிகள் வந்து போகும். இதே அடைப்பில் சிக்கி ஒரு தலைமுறை அங்கேயே நின்றுவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. 2021-ல் பர்மாவில் மறுபடி ராணுவம். 2023 மணிப்பூர் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. இப்போது பலரும் வண்டியைக் காத்மாண்டுவில் மரப்பெட்டியில் அடைத்து விமானத்தில் பாங்காக் அனுப்புகிறார்கள்.

கடல் வழியும் இல்லை. 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அந்தப் பயணிகள் சேவை அதோடு நின்றது.

அந்தக் கப்பலில் வந்தவர்கள் இந்தப் பத்தியின் வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ, மேல்தளத்தில் அழுக்கு ஜாக்கெட்டோடு ஒரு வெள்ளைக்காரரையோ, நெட்டையான ஒரு இளம்பெண்ணையோ பார்த்த ஞாபகம் உண்டா? துறைமுகத்தில் பைக் இறங்குவதை வேடிக்கை பார்த்தீர்களா? அவர்கள் தங்கள் பக்கத்தைப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். உங்கள் பக்கத்தை எனக்கு எழுதுங்கள்.