இருட்டில் இறங்கும் ஹெலிகாப்டர் எப்போது?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்பட்டன. ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. செங்குத்துச் சரிவு, புகை, இருட்டு. ஹெலிகாப்டர்கள் முழுவீச்சில் இயங்க மறுநாள் காலைதான் முடிந்தது. இரவெல்லாம் தீக்காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்கள் ஊர்மக்களும் வனத்துறை, தீயணைப்புத் துறை ஊழியர்களும்தான். அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம்.

ஹெலிகாப்டர் வடிவமைப்பில் இன்று உலகம் கொண்டாடும் புதுமைகளை இந்த இரவை மனத்தில் வைத்தே நாம் எடைபோட வேண்டும்.

அந்தப் புதுமைகளில் முதலிடம் வேகத்துக்கு. சாதாரண ஹெலிகாப்டருக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சுழலும் இறக்கையின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 210 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஹெலிகாப்டர் மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் முன்னே பாய்ந்தால், அதாவது நொடிக்கு 111 மீட்டர், முன்னோக்கி வரும் இறக்கை காற்றை 321 மீட்டர் வேகத்தில் சந்திக்கும். அது ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். பின்னோக்கிப் போகும் இறக்கைக்கோ மிஞ்சுவது 99 மீட்டர்தான்; அந்தப் பக்கம் தூக்குவிசை குலைந்துவிடும். 1986இல் பிரிட்டனின் லிங்க்ஸ் ஹெலிகாப்டர் இறக்கை நுனியின் வடிவத்தை மாற்றி 400 கி.மீ. வேகத்தைத் தொட்டுச் சாதனை படைத்தது. இப்போது வேறு வழிகள் வந்துவிட்டன. ஏர்பஸ்ஸின் ரேசர், இருபுறமும் நிலையான இறக்கைகளும் தள்ளுவிசிறிகளும் பொருத்தி 2024 ஏப்ரலில் முதன்முறையாகப் பறந்தது. அமெரிக்க ராணுவம் 2022 டிசம்பரில் தேர்ந்தெடுத்த பெல் நிறுவன வானூர்தி, சுழலிகளையே முன்பக்கம் சாய்த்து விமானம்போலப் பறக்கும்.

அருமையான பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் குரங்கணிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சூலூரிலிருந்து வான்வழியில் சுமார் 100 கி.மீ. மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் 25 நிமிடம்; 400 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம். மிச்சம் பத்து நிமிடம். இருட்டால் இழந்ததோ ஓர் இரவு முழுவதும்.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்கும்போது, பெரிய சுழலி நிறையக் காற்றை மெதுவாகக் கீழே தள்ளுகிறது. சிறிய சுழலியோ கொஞ்சக் காற்றை வெகுவேகமாகத் தள்ளியாக வேண்டும். அதே எடைக்கு அதிகச் சக்தி செலவாகும். கீழே புயல்போலக் காற்று வீசும். காட்டுத்தீயின் மேல் அந்தக் காற்று பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறிய சுழலிகளைச் சாய்த்துப் பறக்கும் வானூர்திகளின் குறை இதுதான். பெரிய சுழலியை விட்டுக்கொடுக்காத ரேசர் பாணி நமக்கு நெருக்கமானது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட சுமார் 800 பயணிகளுக்கு வானிலிருந்து உணவுப் பொட்டலங்கள் விழுந்தன. தரையிறங்க இடமில்லாத இடத்தில் அந்தரத்தில் நிற்பதுதான் மீட்பு ஹெலிகாப்டரின் உயிர்நாடி.

மதுரைக்கு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடும்போது, பொறியாளர்கள் அளவுகோலாகக் கொள்ளும் 15 டிகிரியைவிடக் காற்றின் அடர்த்தி எட்டு சதவீதம் குறைகிறது. இறக்கையின் பிடிப்பும் எஞ்சினின் பலமும் ஒருசேரக் குறையும். பனிமலை உயரங்களுக்காக வடிவமைத்த நம் துருவ் ஹெலிகாப்டரின் சக்தி எஞ்சின் இங்கும் கைகொடுக்கும். ஆனால் 2025 ஜனவரியில் போர்பந்தர் விபத்துக்குப் பிறகு துருவ் ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றதை மறக்க முடியாது. அதிர்வை அளந்து, பாகம் முறிவதற்கு முன்பே எச்சரிக்கும் உணரிகள் வேகத்தைவிடப் பெரிய புதுமை என்பேன்.

பார்வைக்கு வருவோம். 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்தில் முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்ட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்றது விசாரணைக் குழு. இயந்திரக் கோளாறு இல்லை. விமானியின் தலைக்கவசத்திலேயே மலையின் உருவத்தைக் காட்டும் கருவிகளும், செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறங்கும் முறைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. நம் ககன் செயற்கைக்கோள் சேவையைக் கொண்டு 2023இல் ஜுஹுவிலிருந்து புனேவுக்கு ஹெலிகாப்டரை ஓட்டிக் காட்டியாகிவிட்டது. போடிக்கும் கம்பத்துக்கும் கொடைக்கானலுக்கும் அப்படிப் பாதை வகுக்கத் தடை என்ன?

சென்னை ஐஐடியில் பிறந்த இ-பிளேன் நிறுவனம், மின்சாரத்தில் இயங்கும் ஆம்புலன்ஸ் வானூர்திகள் 788-க்கு 2025இல் ஒப்பந்தம் செய்திருக்கிறது. பெருமைக்குரிய செய்தி. ஆனால் ஒரு கிலோ பேட்டரியில் அடங்கும் ஆற்றல், ஒரு கிலோ விமான எரிபொருளில் இருப்பதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. மின்மோட்டார் ஆற்றலை வீணாக்குவது குறைவு என்றாலும் இடைவெளி பெரியது. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ விபத்தில் அடிபட்டவரை மதுரைக்குக் கொண்டுவர அது போதும். மலைச்சரிவின் மேல் நீண்ட நேரம் நிற்கப் போதாது. இரண்டுக்கும் இரண்டு வகை வானூர்தி என்று அரசு இப்போதே திட்டமிட வேண்டும்.

மதுரைக்கு வடமேற்கே சூலூரில் விமானப்படையும், தென்கிழக்கே உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளமும் இருக்கின்றன. நடுவில் மதுரையில், இரவில் பறக்கப் பயிற்சி பெற்ற குழுவோடும் ஆளைத் தூக்கும் விஞ்ச் கருவியோடும் ஒரே ஒரு மீட்பு ஹெலிகாப்டராவது கோடை முழுவதும், பிறகு வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் நிற்கட்டும். இராசாசி மருத்துவமனைக்கு அருகிலும், தோப்பூரில் எழும் எய்ம்ஸ் வளாகத்திலும், தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலும் விளக்கு பொருத்திய இறங்குதளங்களுக்கு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்கட்டும்.