ஒளியில் ஓடும் நுண்ணிய யந்திரங்கள்

2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் நமது செங்கற்பட்டுக் கடலோரத்துத் திருவிடந்தையில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சி நடைபெற்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். பீரங்கிகளையும் டாங்கிகளையும் காணத் திரள் திரளாக ஜனங்கள் வந்தார்கள்; சுயசார்பு என்னும் சொல் அங்கே ஓயாது முழங்கிற்று. அவ்வருஷம் ஜனவரியிலேயே, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அம்பரீஷ் கோஷும் சௌவிக் கோஷும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊர்தியைத் தாம் உண்டாக்கியிருப்பதாக உலகுக்கு அறிவித்தார்கள். அதனைக் காணத் திரண்டவர் எவருமில்லை. அக்டோபரில், ஒளிக்கற்றையையே இடுக்கியாகக் கொண்டு நுண்பொருள்களைப் பிடிக்கும் வித்தையைக் கண்டறிந்த அமெரிக்கரான ஆர்தர் ஆஷ்கினுக்குப் பௌதிகத்திற்கான நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. சுயசார்பு என்பது பெரிய யந்திரங்களோடு முடிந்துவிடுமா, சிறியவற்றுக்கும் அதில் பங்குண்டா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

திரவத்தினுள் நுண்ணிய யந்திரம் ஒன்றை ஓட்டுவது பார்வைக்கு எளிய காரியம், உண்மையில் அப்படியன்று. கோவளத்து மீனவர் துடுப்பை எடுத்துவிட்டாலும் கட்டுமரம் சிறிது தூரம் தானே வழுக்கிச் செல்லும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்காகிய மைக்ரான் அளவுள்ள பொருளுக்கு இச்சலுகை கிடையாது. அதற்கு ஜலம் ஜலமாக இருப்பதில்லை. தேன்குடத்தில் விழுந்த எறும்புக்குத் தேன் எப்படியோ அப்படி. இரண்டு மைக்ரான் நீளமுள்ள குடற்கிருமியொன்று நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலம்கூடச் செல்லாமல் அக்கணமே நின்றுவிடும் என்று 1977-ல் எட்வர்ட் புர்செல் எடுத்துக்காட்டினார். வாயைத் திறந்து மூடி நகரும் சிப்பி இவ்வளவில் இருந்தால், திறக்கையில் எவ்வளவு போயிற்றோ மூடுகையில் அவ்வளவும் திரும்பிவிடும். நாள் முழுதும் உழைத்தும் புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். ஆகவேதான் இயற்கை அக்கிருமிக்குத் திருகாணிபோற் சுழலும் வாலை அளித்திருக்கிறது.

இரண்டாவது இடையூறு ஒன்றுண்டு. ஜலத்தின் மூலக்கூறுகள் ஓயாது மோதுவதால், நுண்ணிய துகள் சில விநாடிகளுக்குள் தன் திசையையே மறந்துவிடுகிறது. இத்தடுமாற்றத்தின் கணக்கை 1905-ல் ஐன்ஸ்டைன் வகுத்தார். 1943-ல் அதனை விரிவாக முறைப்படுத்தி எழுதியவர் சென்னை மாகாணக் கல்லூரியில் பயின்ற நமது சுப்பிரமணியன் சந்திரசேகர். அதே கல்லூரியிற் பயின்ற சி. வி. ராமன் 1928-ல் ஒளிச்சிதறலின் புது இயல்பைக் கண்டார். ஒருவர் துகளின் தடுமாற்றத்தையும் மற்றவர் ஒளியின் தன்மையையும் ஆராய்ந்தனர். இவ்விரண்டு கலைகளும் இன்று ஒன்றுகூடும் இடமே இந்நுண்ணிய யந்திரம். நமக்கு இது அந்நியமான துறையன்று.

ஒளி இங்கே எவ்வாறு உதவுகிறது? எரிபொருளும் சுக்கானும் கட்டளையும் அது ஒன்றே. முதல் வழி வெப்பம். ஒருபுறம் மட்டும் பொன் பூசிய நுண்மணியின்மீது ஒளி பட்டால் அப்புறம் சூடேறுகிறது. அந்த வெப்ப வேற்றுமையால் மணியின் மேற்பரப்பையொட்டித் திரவம் வழுக்கி ஓட, மணி நகருகிறது. இரண்டாவது ரசாயனம். டைட்டானியம் டயாக்ஸைடு போன்ற பொருள் புறஊதாக் கிரணத்தால் தூண்டப்பட்டுச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சிதைக்கிறது. ஒருபுறம் பெருகும் விளைபொருள்களே அதனைத் தள்ளுகின்றன. மூன்றாவது ஒளியின் நேரான உந்துதல். ஒரு மில்லிவாட் ஒளி முழுவதும் ஒரு துகளில் உறிஞ்சப்பட்டாலும், அது தரும் விசை ஒரு கிராம் எடையில் ஏறக்குறைய முந்நூறு கோடியில் ஒரு பங்கே. ஆயினும் மைக்ரான் அளவுள்ள மணியை ஜலத்தில் ஓட்ட அதுவே தாராளம். 2022-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் சர்வகலாசாலையார் இரண்டரை மைக்ரான் அகலமுள்ள தகட்டில் நுண்ணிய பொன் உறுப்புக்களைப் பதித்து, ஒளியின் எதிருந்துதலாலேயே அதனை விரும்பிய திசையில் செலுத்தினார்கள்.

பெங்களூரில் நிகழ்ந்ததும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. 2018-ல் வெளியான அவர்களது திருகு வடிவ ஊர்தியைச் செலுத்தியது சுழலும் காந்தப்புலம். சரக்கைப் பற்றவும் விடவும் உதவியது ஒளி. உயிருள்ள கிருமியையும் அது பிடித்துச் சென்று இறக்கியது. 2019-ல் அவர்கள் காந்தத்தையும் விட்டுவிட்டு, வெள்ளித் தகடு பொருத்திய கண்ணாடிக் குச்சியை ஒளியாலேயே நடத்தி, மிகச்சிறு வைரத் துகள்களையும் கொண்டுசேர்த்தார்கள்.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், இரத்தக்குழாயில் ஓடம் சென்று நோயைத் தீர்க்கப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. சாட்சியத்தை மிஞ்சி வழக்காடும் வக்கீல் தன் கட்சிக்காரருக்கே கேடு செய்கிறார். கண்ணுக்குப் புலனாகும் ஒளி உடலின் தசையில் சில மில்லிமீட்டருக்கு அப்பால் வலுவோடு செல்வதில்லை. புறஊதாக் கிரணம் உயிரணுக்களைக் கெடுக்கும். ஹைட்ரஜன் பெராக்ஸைடோ உயிரணுவுக்கு நஞ்சு. ஆகவே இருண்ட உடலின் ஆழத்திற்கு ஒளியோடம் இன்று தகுதியுடையதன்று. பரிசோதனைச் சாலையில் ஓர் உயிரணுவைத் தொட்டு ஆராய்வது, ஒரு சொட்டுத் திரவத்தில் கிருமியைப் பிரித்தெடுப்பது, அசுத்த ஜலத்தைச் சுத்தி செய்வது ஆகியவையே அதன் இயல்பான வேலைகள்.

இக்கடைசி வேலை நம் ஜில்லாவுக்கு மிகவும் வேண்டியது. வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் பாலாறு கெட்டதைப்பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கடுமையாகத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே குறைக்காக உத்தரவுகள் பிறப்பிக்க நேர்ந்தது. அந்த ஆறு நமது ஜில்லாவின் வழியாகவே கடலை அடைகிறது. தோற்கழிவிலுள்ள குரோமியத்தின் கொடிய வடிவத்தை, ஒளியால் தூண்டப்பட்ட டைட்டானியம் டயாக்ஸைடு தீமை குறைந்த வடிவமாக மாற்றவல்லது. அசையாது கிடக்கும் தூளைவிடத் தானே நீந்தித் திரவத்தைக் கலக்கும் துகள் இவ்வேலைக்கு அதிகம் உதவலாம் என்பதே விஞ்ஞானிகளின் நம்பிக்கை. டைட்டானியத்திற்கு மூலமாகிய இல்மனைட் மணலோ நமது மணவாளக்குறிச்சிக் கரையிலேயே கிடைக்கிறது. எனினும் ஒரு சொட்டில் வென்றது ஓர் ஆற்றில் வெல்லும் என்று எவரும் தீர்ப்பெழுதிவிடலாகாது. துகள்களை மீட்பது எவ்வாறு, செலவு எவ்வளவு, மீனுக்கும் மனிதருக்கும் தீங்குண்டா என்ற வினாக்கள் நிற்கின்றன. அவற்றிற்கு விடைகாண வருஷக்கணக்கான உழைப்பு வேண்டும்.

அவ்வுழைப்புக்குக் கூலி கொடுப்பவர் யார்? 2020-21-ல் நமது தேசம் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 0.64 பங்கையே ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. தென்கொரியா நூற்றுக்கு நான்கு பங்குக்கும் மேல் செலவிட்டது. 2023-ல் சட்டமாகிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியத்திற்கு ஐந்து வருஷங்களில் 50,000 கோடி ரூபாய் என்று பேசப்பட்டதில், பெரும்பகுதி சர்க்கார் கஜானாவுக்கு வெளியிலிருந்தே வரவேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. 2025 ஜூலையில் மந்திரிசபை அங்கீகரித்த 1 லட்சம் கோடி ரூபாய்த் திட்டம், ஓரளவு பக்குவமடைந்த தொழில்நுட்பங்களைத் தனியார் பெருக்குவதற்கு உதவுவது. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் காய்த்த மரத்துக்குத் தண்ணீர் விடுவோர் பலர் இருப்பர். விதைக்கு விடுவோர் வேண்டும். ஐந்து வருஷத்தில் லாபம் காட்டென்று கேட்கும் முதலாளி இவ்வோடங்களுக்குப் பணம் தரமாட்டார். அவர்மீது குற்றமில்லை, அது சர்க்காரின் கடமை.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. இத்தகைய அடிப்படை ஆராய்ச்சிக்குப் பத்து வருஷத்திற்கேனும் தளராத மானியம் உறுதிசெய்யப்பட வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத லேசரையும் உயர்ந்த நுண்ணோக்கியையும் இங்கேயே செய்யும் தொழிலுக்கு, பீரங்கித் தொழிலுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்காவது காட்டப்பட வேண்டும். மூன்றாவது நமது ஜில்லாவைப் பற்றியது. திருவிடந்தைக்கு அண்மையில் தையூரில் சென்னை ஐ. ஐ. டி. தன் புதிய ஆராய்ச்சி வளாகத்தை அமைத்திருக்கிறது. அவ்வளாகத்தார் பாலாற்று ஜலத்தைத் தம் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, கண்ட முடிவு வெற்றியாயினும் தோல்வியாயினும் அதனைத் தமிழில் ஜனங்களுக்கு அறிவிக்கட்டும்.

தளவாடக் கண்காட்சியின் கொட்டகைகளைப் பிரிக்கச் சில நாட்கள் போதும். ஆராய்ச்சிச் சாலையில் ஒரு தலைமுறை பழகிய கையும் கண்ணும் கலைந்துபோனால், மறுபடி சேர்க்க இன்னொரு தலைமுறை செல்லும். சர்க்கார் இதனை இப்பொழுதே உணர்வது நலம்.