பிரிண்டர் ஆஃப்லைனா? மூலையில போட்டுடாதீங்க!

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம், வீட்டுல எதுக்கு பிரிண்டர்னு கேப்பீங்க. ஆதாரை வாட்ஸ்அப்புல கடைக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்குறோமே, அந்த ஃபைல் அங்கேயே கிடக்கலாம்னு யோசிச்சீங்களா மக்களே? அதுக்காகவே வீட்டுல ஒண்ணு இருக்கணும் என்பது என் கட்சி.

வாங்கினவங்க பலபேர் 'ஆஃப்லைன்'னு வந்ததும் மூலையில போட்டுடறாங்க. குத்தம் பெரும்பாலும் ரவுட்டர் செட்டிங்ஸ்லதான். மலிவு பிரிண்டர் பலதுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டர்ல 5 மட்டும் ஓடினா அது கண்ணுலயே படாது. கெஸ்ட் நெட்வொர்க்ல சேர்த்தா லேப்டாப்புக்கும் அதுக்கும் பொதுவா பேச்சுவார்த்தை கிடையாது. கரண்ட் போய் வந்தா பிரிண்டரோட ஐபி முகவரி மாறலாம்; லேப்டாப் பழைய வாசல்லயே நின்னு கதவைத் தட்டும். ரவுட்டர்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு முகவரியை நிலையாக்கிடுங்க.

குறைஞ்ச சக்தி கருவிகளுக்கு 2.4 அலைவரிசையில லைசென்ஸ் தேவையில்லைன்னு 2005லேயே இந்தியாவுல ஆயிடுச்சு. வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கற நம்ம சந்துகள்ல எல்லார் வைஃபையும் அங்கதான் முட்டிக்குது. 1, 6, 11 சேனல்ல நெரிசல் கம்மியானதைப் பிடிங்க.

அதுவும் சரிப்படலியா? ஒரு யூஎஸ்பி கேபிளை மாட்டுங்க. வயர் போட்டா கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிடாது!