கிளினிக்கில் மொழிபெயர்ப்பது பிள்ளையின் வேலையா?

கிளினிக் நாளில் எங்கள் வகுப்புகளில் சில இடங்கள் காலியாக இருக்கும். மறுநாள் காரணம் கேட்டால், "அம்மாகூட ஆஸ்பத்திரிக்குப் போனேன் டீச்சர், பேசுறதுக்கு" என்று பதில் வரும். வீட்டில் கொஞ்சம் சிங்களம் தெரிந்த பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர்.

அப்படிப் போன எட்டாம் தர மாணவி ஒருத்தியிடம், அம்மாவுக்கு எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்று டொக்டர் கேட்டிருக்கிறார். பிள்ளைக்குப் பாதி புரியவில்லை. புரிந்ததைச் சொல்லக் கூச்சம். மகள் முன்னால் வாய் திறக்க அம்மாவுக்கும் கூச்சம். "வயிற்று வலி" என்று சொல்லி, அதற்கான குளிசையோடு திரும்பிவிட்டார்கள். அன்று அம்மாவுக்குப் பேர் இல்லை, மகளுக்குப் பாடம் இல்லை, நோய்க்கு மருந்தும் இல்லை.

இதற்காக மிஸ்ஸிமாரைத் திட்டுவதில் பயனில்லை. நிரம்பி வழியும் வார்டில் ஆள் போதாமல் ஓடித்திரியும் அவர்களும் நம்மைப் போலத் தொழிலாளர்களே. நாம் சொல்வது விளங்காத போது அவர்களுக்கும் தவிப்புத்தான். குறை, ஆள் தராத, மொழி கற்க நேரம் தராத நிர்வாகத்திடம் இருக்கிறது.

சட்டம் நம் பக்கம் உண்டு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரச அலுவலகங்களில் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. அந்த உரிமை மீறப்பட்டால் முறையிட, 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. மலையக ஆஸ்பத்திரிகளில் கிளினிக் நேரத்தில் சம்பளத்துடன் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஊழியர்களுக்கான தமிழ் வகுப்பு கடமை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். களைத்துப்போன பிறகு படி என்றால் யார் படிப்பார்? மருந்து உறையிலும் கிளினிக் கொப்பியிலும் தமிழ் இருக்க வேண்டும்.

இன்னொன்றை ஆசிரியர்களாகச் சொல்கிறோம். தாதியர் பயிற்சிக்குப் பெரும்பாலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வழியாகப் பிள்ளைகள் போகிறார்கள். விஞ்ஞானப் பிரிவு உள்ள தோட்டப் பாடசாலைகளோ மிகச் சில. நம் லயத்துப் பிள்ளை நாளை அந்த வார்டில் மிஸ்ஸியாக நிற்க வேண்டுமானால், இன்று அவளுக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும்.

தோழர்களே, மொழி தெரியாமல் நீங்கள் பட்ட சிரமத்தைத் திகதி, வார்டு, நடந்தது என்று எழுதி, தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத்திலோ கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம். வாய்ப்பேச்சைத் தட்டிக்கழிப்பது சுலபம். திகதியோடு வரும் ஐம்பது கடிதங்களைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அதுவரை கிளினிக்குக்குப் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரை, பெண்களுக்குப் பெண்ணாகவே, சங்கத்திடம் கேளுங்கள். பிள்ளை பள்ளிக்கு வரட்டும்.