கிணறு எம்முடையது, அறிக்கை எவருடையது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, மலையருவி இல்லை. மாரியிலே பொழிகின்ற மழையைச் சுண்ணக்கற்பாறை தன் வயிற்றில் வாங்கி வைத்துக் கோடையிலே எமக்குக் கொடுக்கின்றது. அதுவும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீரே. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறிவிடும். இந்த நீரை நம்பியே வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைகின்றன. இந்த நீரையே எம் பிள்ளைகள் குடிக்கின்றார்கள். இதில் நஞ்சு கலந்ததா இல்லையா என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டா, இல்லையா? இதுவே இன்று யாம் எழுப்பும் வினா.

சுன்னாகத்தில் நடந்ததை நினைவுகூர்க. அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கிக் கிணறுகளில் மிதந்தது. நீரை அள்ளிய பெண்கள் முதலில் மணத்தால் அறிந்தார்கள். பின்னர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013இன் இறுதியிலிருந்து 2014 முடிய 150 கிணறுகளைச் சோதித்து, அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவை மீறியிருப்பதாகக் கண்டது. அடுத்த ஆண்டு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, அஞ்சத்தக்க எண்ணெய்க் கழிவு நீரில் இல்லை என்னும் பொருள்பட அறிக்கை தந்தது. ஒரே ஊர், ஒரே நீர், இரண்டு தீர்ப்பு! எதனை நம்புவது? பிள்ளைக்குப் பால் கரைக்கும் தாய் எந்த அறிக்கையைப் பார்த்து நீர் அள்ளுவாள்? பவுசரில் வரும் நீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பதா, சொந்தக் கிணற்றில் அள்ளுவதா என்ற முடிவை அறிஞர் எவரும் அவளுக்காக எடுக்கவில்லை.

இறுதியில் 2019 ஏப்ரல் 4ஆம் நாள் உயர் நீதிமன்றமே பேசிற்று. மாசு செய்தவனே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்றும், ஆபத்து வருமுன் காப்பது அரச அமைப்புகளின் கடமை என்றும் மன்று கூறிற்று. அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை தரும் உரிமை மீறப்பட்டதெனக் கண்டு, 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்குமாறு மின் உற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சிங்களச் சூழலியலாளர் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். எம் தலைவர்கள் மேடையில் நின்ற நாளில் அவர் மன்றில் நின்றார் என்பதை நாணத்தோடும் நினைக்க வேண்டும்.

“ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை, திட்டமாக எதுவும் சொல்ல இயலாது” என்பது அந்நாளில் அதிகாரிகள் பாடிய பல்லவி. சட்டம் கற்றவன் என்ற முறையில் இதற்கு விடை கூறுகின்றேன். எதிரியைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் நியாயமான ஐயத்துக்கு அப்பாற்பட்ட எண்பிப்பு வேண்டும். அது மனிதனின் சுதந்திரத்தைக் காக்க எழுந்த விதி. கழிவெண்ணெய்க் குழியைக் காக்கவா அந்த விதி எழுந்தது? குடிநீர் விடயத்தில் ஐயத்தின் பயன் குடிப்பவனுக்கே சேர வேண்டும், அழுக்காக்கியவனுக்குச் சேரலாகாது.

இன்னொன்றையும் ஒப்பு நோக்குக. 2021 மே மாதம் இதே நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடுக்கப்பட்டது. எந்த மண்ணுக்கு எவ்வளவு, எந்தப் பயிருக்கு எத்தனை போகம் என்ற ஆராய்ச்சி முடிவுக்காக அன்று எவரும் காத்திருக்கவில்லை. பயிர் வாடி, விளைச்சல் விழுந்து, கமக்காரன் கடன்பட்ட பின்னர் நவம்பரில் தடை நீங்கிற்று. கம்பனியைத் தடுப்பதற்கு முற்றான நிச்சயம் வேண்டுமாம். கமக்காரனைத் தடுப்பதற்கு நிச்சயமே வேண்டாமாம்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நீதி அன்றோ இது?

இனி எம்மவரையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளேன். எண்ணெய் அயலவன் ஊற்றியது. நைத்திரேற்று எவர் ஊற்றியது? அளவுக்கு மீறி இட்ட யூரியாவும், கிணற்றருகே வெட்டிய மலசலகூடக் குழியும் எம்முடையவை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்து நிற்பதாக ஆய்வாளர் பல்லாண்டுகளாக எழுதி வருகின்றார்கள். அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். மேனி நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுச் சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. “கொதித்தாறிய நீர்தானே” என்று நம்பியிருக்கும் எத்தனை தாய்மாருக்கு இதனை எவரேனும் சொன்னார்கள்?

ஆய்வுக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. பட்டம் கிடைக்கிறது, பதவி உயர்வு கிடைக்கிறது, மாநாட்டுக்குப் பயணமும் கிடைக்கிறது. கிணற்றுக்குச் சொந்தக்காரனுக்குக் கிடைத்தது என்ன? 1964இல் எல்சிங்கியில் உலக வைத்தியர் சங்கம், மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு அறநெறி வகுத்தது. ஆய்வுக்கு உட்பட்டவர் அதன் முடிவை அறியும் வாய்ப்பைப் பெற வேண்டும் என்பதும் இன்று அந்நெறியில் அடங்கும். மனிதன் உடலுக்கு உள்ள இம்மரியாதை, அவ்வுடலை வளர்க்கும் கிணற்றுக்கு ஏன் இல்லை? நீர் மாதிரியை எடுத்துக்கொண்டு முடிவைத் தராமற் போவது சாட்சியை விசாரித்துவிட்டுத் தீர்ப்பை மறைப்பதற்கு ஒப்பாகும்.

அறிந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது என்பதற்கு மலையகமே சான்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 32 பேர். நாட்டின் சராசரியைக் காட்டி ‘இலவச வைத்தியத்தின் வெற்றி’ என்று பெருமை பேசுவோர், அச்சராசரியின் அடியில் நசுங்கிக் கிடக்கும் பிள்ளையைக் காட்டுவதில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இங்கே ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. அளந்தார்கள், நிறுத்தார்கள், எழுதினார்கள், அச்சிட்டார்கள். அந்த எண்ணுக்கு மறுமொழி சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி மட்டும் எங்கும் இல்லை. குடாநாட்டிலே அறிவு மக்களிடம் வந்து சேரவில்லை. மலையகத்திலே அறிந்த பின்னும் கடமை எவரையும் பற்றவில்லை. நோய் இரண்டல்ல, ஒன்றே: மக்கள் ஆராய்ச்சியின் பொருளாகக் கொள்ளப்பட்டார்கள், அதன் உரிமையாளராகக் கொள்ளப்படவில்லை.

“முடிவுகளை வெளியிட்டால் மக்கள் பீதியடைவர், எம் மரக்கறிக்குச் சந்தை போய்விடும்” என்பாரும் உளர். சந்தையின் அச்சத்தை யான் சிறிதாக எண்ணவில்லை. கமக்காரன் அடுப்பு அதனால் எரிகின்றது. ஆயினும் மறைத்த செய்தி மறைந்தே கிடப்பதில்லை. அது வதந்தியாகிப் பத்து மடங்கு பெருத்து வரும். சுன்னாகத்தில் மக்களைக் கலங்க வைத்தது உண்மை அன்று. ஒன்றை ஒன்று மறுத்த அறிக்கைகளும், அவற்றுக்கிடையே நிலவிய அதிகாரிகளின் மௌனமுமே.

ஆகவே எம் கோரிக்கைகள் நான்கு. கிணற்று நீரைச் சோதிப்பவர் எவராயினும் அதன் முடிவைத் தமிழில் எழுதி உரியவரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதேச சபையும் மாரிக்கு முன்னும் பின்னும் பொதுக் கிணறுகளைச் சோதித்து முடிவைத் தன் வாயிலில் ஒட்ட வேண்டும். எல்லை மீறிய இடத்தில் என்ன செய்யப்படும், எந்நாளில், எவரால் என்று சுகாதார வைத்திய அதிகாரி எழுத்தில் அறிவிக்க வேண்டும். பசளையைக் குறைக்குமாறு கமக்காரனுக்குச் சொல்லும் அரசு, மண் பரிசோதனையை அவன் வாசலுக்குக் கொண்டுவருவதோடு மாறுகின்ற காலத்து இழப்பையும் ஏற்க வேண்டும்.

இவை கிடைக்கும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கின்றது. நீர் வழங்கற் சபையும் பிரதேச சபையும் அரசாங்கப் பணம் பெறும் பல்கலைக்கழகமும் அதன் வரம்புக்குள் அடங்கும். தமிழிலேயே கேட்கலாம், காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுள் முடிவு தர வேண்டும். உயிரைப் பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்துள் பதிலளிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு.

வழக்கறிஞர்களே, ஊருக்கொருவர் முன்வந்து இம்மனுக்களைக் கூலியின்றி எழுதிக் கொடுங்கள். வைத்தியர்களே, ஆசிரியர்களே, வருகின்ற விடையை மக்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரையுங்கள். கமக்காரப் பெருமக்களே, போத்தலோடு உங்கள் கிணற்றடிக்கு வருபவரை வரவேற்று நீர் கொடுங்கள். ஆனால் முடிவு எந்நாளில் வரும் என்று கேட்டு, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.